63 செக்டர் தள்ளியிருந்த பெரியப்பாவின் கோப்புகள்

பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியப்பா தம்முடைய பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தினத்தாளில் சுற்றி, ஒரு முறுக்கு டப்பாவுக்குள் வைத்து, சென்னைக்கு வந்த அத்தையிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கணினி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மதர்போர்டின் கெபாசிட்டர்கள் தலை வீங்கிக் கசிந்துவிட்டபடியால் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, டிஸ்க்கை மட்டும் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தின்போது வெளியிட்ட மலருக்காக 2003-இல் ஊர் ஊராக அலைந்து அவர் திரட்டிய வம்சாவளிக் குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தவுடன், பழைய குறிப்புகளைப் புதிய மலரிலும் சேர்க்க வேண்டும் என்று விழாக் குழுவினர் அவரை நெருக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் என்னை நெருக்கினார்.

டிஸ்க்கின் கொள்ளளவு 40 ஜி.பி. என்றும் அது 2001-இல் தயாரானது என்றும் லேபிளில் இருந்தது. இணைப்பு நாற்பது ஊசிகள் கொண்ட ஐ.டி.இ. வகை. இன்றைய மதர்போர்டுகளில் அதற்கு இடமே கிடையாது. ஐ.டி.இ.யை யு.எஸ்.பி.யாக மாற்றித் தரும் சிறு கருவிகள் ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. பெரும்பாலானோருக்கு அதுவே போதுமானது. ஆனால் படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) ஒன்று எதிர்ப்பட்டவுடன் இணைப்பையே துண்டித்துக்கொள்ளும் மலிவான கருவி ஒன்றோடு முன்பொருமுறை மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு உண்டு. மேலும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றுக்காகவே நான் விடாமல் வைத்திருக்கும் 2004-ஆம் ஆண்டுப் பென்டியம் 4 கணினி வீட்டு மூலையில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் 865 சிப்செட், இரண்டு ஐ.டி.இ. இணைப்புகள், விண்டோஸ் எக்ஸ்பி. பழைய டிஸ்க்கைப் பழைய கணினியிலேயே இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்திவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு நாள் பிடித்தது.

மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகு, டிஸ்க்கை அதற்குரிய கூட்டில் நான்கு திருகுகளால் பொருத்தினேன். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் நான்கு கம்பி இணைப்பில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்புக் கம்பி 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்புக் கம்பிகளும் தரை, அதாவது 0 வோல்ட். 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்றுகிறது, 5 வோல்ட் அடியிலுள்ள மின்னணுப் பலகைக்குப் போகிறது. இந்த இணைப்பைத் தலைகீழாகச் செருக முடியாதபடி அதன் இரு மூலைகள் சீவப்பட்டிருக்கும். ரிப்பன் கேபிள் அவ்வளவு நல்ல பிள்ளை அல்ல. அதன் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு முதல் ஊசியைக் குறிக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்தக் கோடு மின் இணைப்பின் பக்கமாக இருக்க வேண்டும். இருபதாம் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் துளை அடைக்கப்படாத பழைய கேபிள்களை மாற்றிச் செருகிவிட்டால், முன்புறத்தில் உள்ள ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டால் வேறு எதையும் சந்தேகிக்காமல் கேபிளைத் திருப்பிச் செருக வேண்டும். என் விளக்கு அப்படி எரியவில்லை.

எரியவில்லையே தவிர, கணினியும் எழவில்லை. புதிதாகப் பொருத்திய டிஸ்க் மட்டுமல்லாமல், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் சொந்த 80 ஜி.பி. டிஸ்க்கும் கணினி துவங்கும்போது முதலில் ஓடி டிஸ்க்குகளைக் கண்டறியும் பயாஸ் நிரலின் திரையிலிருந்து காணாமல் போயிற்று.

இதன் காரணம் ஐ.டி.இ. அமைப்பின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் தொங்கும்போது ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ் என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டுமே மாஸ்டர் என்று எண்ணிக்கொண்டால், ஒரே கேள்விக்கு இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, எவர் சொன்னதும் புரியாமல் போகும். அதைத் தீர்மானிப்பது டிஸ்க்கின் பின்புறத்தில் ரிப்பன் இணைப்புக்கும் மின் இணைப்புக்கும் இடையில் உள்ள சிறு ஊசிகளும், அவற்றில் இரண்டிரண்டை இணைக்கும் ஜம்பர் என்னும் சின்னஞ்சிறு தொப்பியும்தான். எந்த ஊசிகளில் போட்டால் என்ன பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். சீகேட்டின் பல மாடல்களில் ஜம்பரே இல்லையென்றால் அது ஸ்லேவ். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் ஜம்பரே இல்லையென்றால் அது தனியாக இருக்கும் டிஸ்க் என்று பொருள். ஆகவே ஒரு டிஸ்க்கில் கற்ற பாடத்தை மற்றொன்றின் மீது சுமத்தக் கூடாது. லேபிளில் அச்சிட்டிருக்கும் படத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரியப்பாவின் டிஸ்க்கில் அந்தப் படத்தின் பாதியை யாரோ எதனாலோ சுரண்டியிருந்தார்கள். ஊசிகளில் ஒன்றல்ல, இரண்டு தொப்பிகள் இருந்தன. ஒன்று மாஸ்டருக்குரியது என்பது மிஞ்சியிருந்த படத்திலிருந்து தெரிந்தது. இன்னொன்று எதற்கு என்று தெரியவில்லை. தெரியாததைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதுவரை நான் செய்தது சரி. அதற்குப் பிறகு செய்ததுதான் அந்த இரவைத் தின்றது. மாஸ்டர் ஜம்பரை எடுத்து, படத்தில் அரைகுறையாகத் தெரிந்த ‘கேபிள் செலக்ட்’ என்னும் இடத்தில் போட்டேன். மாஸ்டரா ஸ்லேவா என்பதை டிஸ்க் தானே தீர்மானிக்காமல், கேபிளில் எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யும் ஏற்பாடு அது. அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை ஆண்டுப் பழைய ரிப்பன் கேபிள் மடிப்புகளில் விறைத்துப் போயிருப்பதைக் கண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் கழற்றிவிட்டு, டி.வி.டி. டிரைவில் இருந்த கேபிளை எடுத்து இதில் மாட்டினேன். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்கள். கணினியை ஓட்டினால் மீண்டும் அதே வெறுமை.

இரண்டு கேபிள்களும் பார்வைக்கு ஒரே அகலம், ஒரே நாற்பது துளை. ஆனால் கையில் எடுத்து ஒளியில் பார்த்தால் ஒன்றில் இழைகள் பருமனாகவும் மற்றொன்றில் அதில் பாதி நுண்மையாகவும் இருக்கும். பருமனானதில் 40 கம்பிகள். நுண்மையானதில் 80 கம்பிகள். கூடுதலாக உள்ள 40 கம்பிகளும் வெறும் தரைக் கம்பிகளே. வேகம் கூடக் கூட அடுத்தடுத்த கம்பிகளின் சைகைகள் ஒன்றன் மேல் ஒன்று படியத் தொடங்குவதால், ஒவ்வொரு சைகைக் கம்பிக்கும் பக்கத்தில் வேலிபோல ஒரு தரைக் கம்பியை ஓட்டியிருக்கிறார்கள். நொடிக்கு 33 எம்.பி. என்ற வேகம் வரைக்கும் 40 கம்பிகள் போதும். 66, 100 என்று ஏறும்போது 80 கம்பிகள் இருந்தாக வேண்டும். அந்த வகைக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிற முனை ஸ்லேவுக்கு என்பது விதி. நீளமும் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கடைகளில் அதைவிட நீளமானவை தாராளமாக விற்கப்பட்டன என்பது வேறு விஷயம்.

என் வேலையைக் கெடுத்தது இவற்றில் எதுவுமே அல்ல, இருபத்தெட்டாம் ஊசி. கேபிள் செலக்ட் என்பது அந்த ஒற்றைக் கம்பியில்தான் நடக்கிறது. மதர்போர்டு அதைத் தரையோடு இணைத்து வைத்திருக்கும். அதில் தரையைக் காணும் டிஸ்க் தன்னை மாஸ்டர் என்றும், எதையும் காணாத டிஸ்க் தன்னை ஸ்லேவ் என்றும் கொள்ளும். 80 கம்பிக் கேபிளின் சாம்பல் முனையில் அந்தக் கம்பி வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருக்கும். ஆகவே என் பழைய கேபிளையே விட்டுவைத்திருந்தால், நடுமுனையில் இருந்த பெரியப்பாவின் டிஸ்க் தன்னை ஸ்லேவ் என்று சரியாகவே உணர்ந்து, முதல் முயற்சியிலேயே எல்லாம் நேராகியிருக்கும். சாதாரண 40 கம்பிக் கேபிளிலோ அந்தக் கம்பி எல்லா முனைகளுக்கும் தங்குதடையின்றி ஓடுகிறது. எங்கே செருகினாலும் கேபிள் செலக்ட் டிஸ்க் தன்னை மாஸ்டர் என்றே நினைத்துக்கொள்ளும். பூட்டுக்குச் சரியான சாவியைக் கண்டுபிடித்த கையோடு பூட்டையும் மாற்றி வைத்தவன் நிலை என்னுடையது.

இவையெல்லாம் மறுநாள் காலையில் ஆற அமர யோசித்தபோது தெளிந்தவை. அன்றிரவு எனக்குத் தோன்றியதெல்லாம், டிஸ்க் செத்துவிட்டதோ என்ற பயம் ஒன்றே. விரல் நுனிகளை மேலே வைத்துப் பார்த்தால் சுழற்சியின் மெல்லிய அதிர்வு தெரிந்தது. ‘டக், டக்’ என்று தலை முட்டிக்கொள்ளும் ஓசை இல்லை. அந்த ஓசை மட்டும் கேட்டிருந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல், தரவு மீட்பையே தொழிலாகச் செய்வோரிடம் கொடுத்திருப்பேன். கடைசி முயற்சியாக என் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பெரியப்பாவின் டிஸ்க்கை மட்டும் தனியாக மாட்டி ஓட்டினேன். 80 கம்பிக் கேபிள் இல்லை என்று பயாஸ் ஓர் எச்சரிக்கை காட்டியது. அடுத்து, திரையின் உச்சியில் ஒரு நீலப் பட்டை தோன்றி, ‘ஆன்ட்ராக்’ என்று ஏதோ பெயர் சொல்லி, பிளாப்பியிலிருந்து துவங்க வேண்டுமானால் ஸ்பேஸ் பாரை அழுத்தும்படி கேட்டுவிட்டு, ஓரிரு நொடிகளில் மறைந்தது. விண்டோஸ் 98-இன் மேகப் படம் எழுந்தது. அறிமுகமில்லாத மதர்போர்டில் விழித்துக்கொண்ட விண்டோஸ் 98 புதிய சாதனங்களைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் டிஸ்க்கில் எழுதித் தள்ளத் தொடங்கிவிடும் என்று அஞ்சி உடனே பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டேன். டிஸ்க் உயிரோடிருக்கிறது என்ற நிம்மதியில் அந்த நீலப் பட்டையை அப்போதே மறந்தும்விட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு துண்டுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிய பிறகே செய்வது, ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடாதிருப்பது என்று உட்கார்ந்தேன். முதல் மாற்றம், பழைய 80 கம்பிக் கேபிளை மீண்டும் போட்டது. இரண்டு டிஸ்க்குகளும் பயாஸ் திரையில் வரிசையாக வந்து நின்றன. தாளில் இரண்டாவது வரிக்கு வேலையில்லாமல் போயிற்று.

வந்து நின்றனவே தவிர, ஒன்று தன் உயரத்தைக் குறைத்துச் சொன்னது. 40 ஜி.பி. என்று லேபிள் ஒட்டிய டிஸ்க்கைப் பயாஸ் 33.8 ஜி.பி. என்று காட்டிற்று. நிறுவனங்கள் ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று கணக்கிடுவதாலும் விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுவதாலும் 40 என்பது விண்டோஸில் 37.2 ஆகத் தெரிவது வழக்கம். ஆனால் 33.8 என்பது அந்த வழக்கத்தில் அடங்கவில்லை.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குகளின் வரலாறே, ‘இதற்கு மேல் யாருக்குத் தேவைப்படப் போகிறது’ என்று யாரோ நினைத்து வைத்த வரம்புகளில் முட்டி முட்டி நகர்ந்த வரலாறுதான். சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் ஒவ்வொரு செக்டரையும் குறித்த காலத்தில் 1024, 16, 63 என்பவை உச்சங்கள். அவற்றைப் பெருக்கி, செக்டருக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் 52.8 கோடி பைட்டோடு முதல் சுவர் வந்துவிடும். அதைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் 8.4 ஜி.பி.யில் முட்டினார்கள். அடுத்த சுவர்தான் என் திரையில் தெரிந்தது. சிலிண்டர்களின் எண்ணிக்கையைப் பதினாறு பிட்டுகளில் அடக்கினால் அதன் உச்சம் 65,535. அதை 16-ஆலும் 63-ஆலும் 512-ஆலும் பெருக்கினால் சுமார் 3,382 கோடி பைட், அதாவது 33.8 ஜி.பி. அக்காலத்துப் பல பயாஸ்கள் இதைவிடப் பெரிய டிஸ்க்கைக் கண்டால் குறைத்துக் காட்டுவதுகூட இல்லை. கணினி அங்கேயே உறைந்து நின்றுவிடும். 28 பிட் எண்ணிடலால் 137 ஜி.பி.யில் இன்னொரு சுவரும் பிற்பாடு வந்தது. 160 ஜி.பி. ஐ.டி.இ. டிஸ்க் ஒன்றை, முதல் சர்வீஸ் பேக்காவது ஏற்றப்படாத எக்ஸ்பியில் மாட்டுவோர் இந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் என்னுடைய 2004-ஆம் ஆண்டு மதர்போர்டுக்கு 33.8 என்ற சுவர் கிடையாது. பக்கத்திலேயே 80 ஜி.பி. டிஸ்க் முழு உயரத்தோடு நின்றுகொண்டிருந்தது. எனவே சுவர் மதர்போர்டில் இல்லை, டிஸ்க்கில்தான் இருந்தாக வேண்டும். நான் தொடாமல் விட்ட இரண்டாவது தொப்பி நினைவுக்கு வந்தது. பெரிய டிஸ்க்கைக் கண்டு உறைந்துபோகும் கணினிகளுக்காகவே, டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்லும்படி செய்கிற ஒரு ஜம்பரை அக்கால நிறுவனங்கள் வைத்திருந்தன. அப்படியானால் பெரியப்பாவின் கணினி அவ்வளவு பழையதா? தொலைபேசியில் கேட்டேன்.

கணினி 1998-இல் வாங்கியது என்றும், அதோடு வந்த நான்கு ஜி.பி. டிஸ்க் நிறைந்துபோனதால் 2001-இல் இந்த டிஸ்க்கை வாங்கினார் என்றும் தெரியவந்தது. பொருத்த வந்த டெக்னீஷியன் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாராம். “ஏலே, மொதல்ல மாட்டுனதும் அது அசையவே இல்ல. பொறவு டிஸ்க்கு கூட வந்த ஒரு பிளாப்பியப் போட்டு என்னமோ செஞ்சான். இத தூரப் போட்டுராதீங்க சார்னு சொல்லிட்டுப் போனான். அது எங்கன கெடக்கோ” என்றார் பெரியப்பா.

பிளாப்பி என்ற சொல் காதில் விழுந்தபோதும் நீலப் பட்டை எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மின்சாரத்தை நிறுத்தி அந்த இரண்டாவது ஜம்பரைக் கழற்றினேன். இந்த ஜம்பர் டிஸ்க் சொல்லும் அளவை மட்டுமே மாற்றுகிறது. தட்டில் எழுதியிருப்பவற்றைத் தொடுவதில்லை. மீண்டும் ஓட்டியபோது பயாஸ் 40 ஜி.பி. என்று முழுமையாகக் காட்டிற்று. எக்ஸ்பியும் எழுந்தது. ஆனால் ‘மை கம்ப்யூட்டரில்’ புதிய டிரைவ் எழுத்து எதுவும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்தால், டிஸ்க் முழுவதையும் அடைத்தபடி ஒரே பார்ட்டிஷன், அதாவது ஒரே பிரிவு; நலமாக இருக்கிறது, ஆனால் இன்ன வகை என்று தெரியாது என்ற குறிப்புடன். வலது பொத்தானை அழுத்தினால் அழிப்பதற்கு மட்டும் வழி காட்டியது. நலமாக இருப்பதாகச் சான்றளித்துவிட்டு அடுத்த மூச்சில் புதைக்கச் சொல்லும் மருத்துவரைப்போல.

இந்த இடத்தில்தான் பலருடைய கோப்புகள் அநியாயமாக அழிகின்றன. அழித்துவிட்டுப் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் செய்து, பிறகு மீட்பு மென்பொருளைத் தேடுவது என்ற வரிசையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முந்திய இரவில் இதே டிஸ்க் விண்டோஸ் 98 வரைக்கும் எழுந்து வந்ததே என்ற ஒரு நினைவுதான் என் கையைத் தடுத்தது. தனியாக ஓடியபோது படிக்க முடிந்த பார்ட்டிஷன், துணைக்கு நின்றபோது ஏன் புரியாததாயிற்று? இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொண்டபோதுதான், அந்த நீலப் பட்டை மனக்கண்ணில் மீண்டும் வந்தது.

ஆன்ட்ராக் நிறுவனத்தின் டிஸ்க் மேனேஜர் என்பது அக்காலத்தில் பல ஹார்ட் டிஸ்க் நிறுவனங்கள் தத்தம் பெயரில் பிளாப்பியில் வழங்கிய மென்பொருள். பயாஸுக்குத் தெரியாத பெரிய டிஸ்க்கைப் பழைய கணினியில் முழுமையாகப் பயன்படுத்த அது செய்யும் தந்திரம் எளிமையானது. டிஸ்க்கின் முதல் செக்டரிலும் அதையடுத்த இடத்திலும் தன் சொந்த நிரலை அது குடிவைத்துவிடும். கணினி டிஸ்க்கிலிருந்து துவங்கும்போது முதலில் விழிப்பது இந்த நிரல்தான். அது பயாஸின் டிஸ்க் பணியைத் தானே எடுத்துக்கொண்டு, ஜம்பரால் மறைக்கப்பட்ட இடத்தையும் திறந்துவிட்டு, அதன் பிறகே விண்டோஸை எழுப்பும். விண்டோஸ் முதல் செக்டரைக் கேட்டால் இது 63 செக்டர்கள் தள்ளி இருப்பதை எடுத்துத் தரும். இப்படித் தள்ளியிருப்பது விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதே டிஸ்க் இன்னொரு கணினியில் இரண்டாவதாக இருக்கும்போது, கணினி துவங்குவது முதல் டிஸ்க்கிலிருந்து. இடைத்தரகர் விழிப்பதே இல்லை. எக்ஸ்பி நேரடியாக முதல் செக்டரைப் படித்து, அங்கே தனக்குப் பழக்கமில்லாத பார்ட்டிஷன் வகையைக் கண்டு கைவிரித்துவிடுகிறது.

ஆக, பெரியப்பாவின் டிஸ்க் 1998-ஆம் ஆண்டுக் கணினியின் குறைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருந்தது. இரண்டாவது தொப்பி அந்தப் பயாஸ் உறையாமல் இருப்பதற்காக. நீலப் பட்டை அந்தத் தொப்பி மறைத்ததைத் திறப்பதற்காக. அந்த டெக்னீஷியன் கெட்டிக்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து யாரோ ஒருவன் இதைப் பிரித்துப் பார்ப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. லேபிளில் சுரண்டப்பட்டிருந்த இடம்கூட அவர் ஸ்க்ரூடிரைவரின் வேலையாக இருக்கலாம்.

காரணம் புரிந்த பிறகு மீதி வேலை நிதானமாகவே நடந்தது. டி.வி.டி. டிரைவுக்கு அதன் கேபிளைத் திருப்பிக் கொடுத்து, நாப்பிக்ஸ் என்னும் லினக்ஸ் குறுவட்டிலிருந்து கணினியைத் துவக்கினேன். எக்ஸ்பி தான் காணும் எந்த டிஸ்க்கிலும் எதையாவது எழுதிவைக்கும் பழக்கமுடையது. நாப்பிக்ஸ் கேட்காமல் எழுதாது. பார்ட்டிஷன் அட்டவணையைக் கேட்டவுடனே, எக்ஸ்பி தெரியாது என்று சொன்னதை அது வகை எண் 54, ஆன்ட்ராக்டிஎம்6 என்று பெயரோடு சொல்லிற்று. கோப்புகளைத் தேடுவதற்கு முன் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு, டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக ஒரே கோப்பாக வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். இந்தக் கருவியை நான் விரும்புவதற்குக் காரணம், படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் அதைக் குறித்துவைத்துவிட்டு மேலே செல்வதும், நல்ல பகுதிகள் எல்லாம் பத்திரமான பிறகே பழுதான இடங்களுக்குத் திரும்பி வருவதும்தான். பிரதி வைக்கும் டிஸ்க் ஃபாட்32 என்னும் பழைய கோப்பு அமைப்பில் இருக்கக் கூடாது. அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, நம்முடையதோ 40. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரதி முடிந்தது. ஆறு செக்டர்களை மட்டும் கடைசி வரைக்கும் படிக்க முடியவில்லை.

இனிப் பிரதியைத்தான் தொட வேண்டும், டிஸ்க்கை அல்ல. 63-ஆம் செக்டர் தொடங்கும் இடம் 63-ஐ 512-ஆல் பெருக்கினால் வரும் 32,256-ஆவது பைட். ஹெக்ஸ் (பதினாறடி எண்) முறையில் அங்கே பார்த்தபோது, செக்டரின் இறுதியில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு உரிய 55 ஏஏ என்ற கையொப்பம் இருந்தது. அந்த உள் அட்டவணை, சி டிரைவ் 63-ஆம் செக்டரில் தொடங்குவதாகச் சொல்லிற்று. அந்த 63 என்பது இடைத்தரகரின் கணக்கு; உண்மையான கணக்குக்கு இன்னொரு 63 சேர்க்க வேண்டும். 126-ஐ 512-ஆல் பெருக்கினால் 64,512. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது, விண்டோஸ் 98 தன் ஃபாட்32 டிஸ்க்குகளின் நெற்றியில் எழுதிவைக்கும் எம்எஸ்வின்4.1 என்ற சொல் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பிரதியை வாசிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு, 64,512 பைட் தள்ளித் தொடங்கும்படி மவுண்ட் செய்தேன், அதாவது ஒரு டிரைவைப்போலத் திறந்தேன். கோப்புறைகள் வரிசையாக விரிந்தன. அந்நாளைய லினக்ஸ் கெர்னல்களில், துவக்கும்போதே குறிப்பிட்ட டிஸ்க்குக்கு 63 செக்டர்களைக் கூட்டிக்கொள்ளச் சொல்வதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஆனால் அதற்கு மூல டிஸ்க்கையே ஓட்ட வேண்டும் என்பதால் நான் அதை நாடவில்லை.

ஒரு சிறு வால் மட்டும் மிச்சமிருந்தது. மறுபடியும் எக்ஸ்பியில் துவங்கியபோது என் சொந்த டிஸ்க் நத்தைபோல ஊர்ந்தது. கேபிளை மாற்றி மாற்றிப் போட்டதில் பரிமாற்றப் பிழைகள் ஏற்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்பி இத்தகைய பிழைகளை எண்ணிக்கொண்டே வந்து, எண்ணிக்கை ஆறைத் தாண்டியவுடன் வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்து, இறுதியில் ப்ராசஸரே ஒவ்வொரு சொல்லாகச் சுமக்கும் பி.ஐ.ஓ. முறைக்கு இறக்கிவிடும். கேபிள் சரியான பிறகும் தானாக ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் முதன்மை ஐ.டி.இ. சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் துவக்கினால், அது சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்துப் பழைய வேகத்துக்குத் திரும்பும். அவ்வாறே திரும்பிற்று.

வம்சாவளிக் குறிப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருப்பதால் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த கோலமாகத் தெரிகின்றன. எழுத்துருக் கோப்பும் அதே டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் கிடைத்துவிட்டதால் அது பெரிய தடையல்ல. பெரியப்பாவிடம் முதல் பக்கத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் ஒரு பெயர் விட்டுப்போயிருப்பதாகச் சொன்னார். டிஸ்க்கைக் கழற்றி, நிலைமின்சாரம் தாக்காத உறைக்குள் போட்டு, அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டினேன்: ‘ஜம்பர் கேபிள் செலக்டில் இருக்கிறது. அளவைக் குறைத்துச் சொல்லும் ஜம்பர் கழற்றப்பட்டு இதே உறைக்குள் இருக்கிறது. டிஸ்க் மேனேஜர் உண்டு. சி டிரைவ் 126-ஆம் செக்டரில் தொடங்குகிறது.’